கப்பலே, உன் கருணையே கருணை

பெருங்கப்பலே, கடலில் மிதப்பவற்றில் உனக்கு இணை கிடையாது. 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் புறப்பட்ட 'ஐகான் ஆஃப் தி சீஸ்' உன் குலத்துக்குச் சேர்ந்த பெரும் பெருமை. நீளம் ஏறக்குறைய 365 மீட்டர். தளங்கள் 20. நீச்சல்குளம் 7, நீர்ச்சறுக்கு 6. கரீபியன் வெயிலின் நடுவே பனிச்சறுக்கு அரங்கம் ஒன்று. எல்லா அறைகளும் நிரம்பினால் 7,600 பயணிகளும் 2,350 ஊழியர்களும் உன் வயிற்றுக்குள் இருப்பார்கள். அத்தனை பேருக்கும் மூன்று வேளையும் சுடச்சுடச் சாப்பாடு. நள்ளிரவில் பசித்து வருபவனுக்கும் ஒரு தட்டு. நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஐந்நூறு இலை போட்டு எழுப்புவதற்குள் பெண் வீட்டார் படும் பாட்டைப் பார்த்தவர்கள் உன்னைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

இப்படிப்பட்ட உன் வாசலில் ஒருவன் மடக்கு சைக்கிளோடு வந்து நிற்கிறான். லண்டனில் செய்கிற பிராம்ப்டன் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாக மடக்கினால் பெரிய சூட்கேஸைவிடச் சிறிதாகிவிடும். எடை 12 கிலோ அளவில். நீ அவனை விரட்டிவிடுவதில்லை. முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தால், மடக்கி உறையில் போட்டிருந்தால், எந்தத் தளத்திலும் ஓட்டுவதில்லை என்று ஒப்புக்கொண்டால், பெரும்பாலும் உள்ளே விடுகிறாய். நிறுவனத்துக்கு நிறுவனம் விதி கொஞ்சம் மாறும், சாரம் ஒன்றுதான். சைக்கிள் அவனுடைய கேபினுக்குள் இருக்க வேண்டும். கேபின் என்பது கட்டில், அலமாரி, குளியலறை எல்லாம் சேர்த்துப் பதினைந்து சதுர மீட்டர் அளவுள்ள அறை. 365 மீட்டர் நீளக் கப்பலில் சைக்கிளுக்கு உரிய இடம், அதைக் கொண்டுவந்தவன் காசு கொடுத்து வாங்கிய அந்த அறையின் மூலைதான் என்று நீ முடிவு செய்திருக்கிறாய். இரவில் எழுந்து குளியலறைக்குப் போகிறவன் பெடலில் கால் இடித்துக்கொள்வான். அவனுடைய பொருள் அவன் கண்ணெதிரிலேயே இருக்கட்டும் என்ற அக்கறை உனக்கு.

உன் எச்சரிக்கை உணர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். மின்சார சைக்கிளைப் பல நிறுவனங்கள் ஏற்றுவதே இல்லை. லித்தியம் மின்கலம் ஒருமுறை பற்றிக்கொண்டால் அணைப்பது கடினம்; அணைந்தது போல் இருந்து மறுபடி எரியும்; நடுக்கடலில் ஓடி ஒதுங்கத் தெரு கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் உன்னைப் புகழ்வதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. மின்கலமே இல்லாத, காலால் மிதிக்கிற, எரிவதற்கு டயரைத் தவிர ஒன்றும் இல்லாத சைக்கிளையும் ஏறக்குறைய அதே சந்தேகக் கண்ணோடு பார்க்கிறாயே, அந்த இடத்தில்தான் உன் எச்சரிக்கை என்னை வியக்க வைக்கிறது.

உன் இனத்தில் 'குவீன் மேரி 2' என்றொரு மூத்தவள் இருக்கிறாள். அட்லாண்டிக்கைக் கடக்கும் அந்தக் கப்பலில் நாய்களுக்கும் பூனைகளுக்கும் தனிக் கூண்டுகள் உண்டு. 2016-இல் புதுப்பித்தபோது கூண்டுகளின் எண்ணிக்கையை 24 ஆக உயர்த்தினார்கள். அமெரிக்க நாய்களுக்காக நியூயார்க் தீயணைப்புக் குழாய் ஒன்றும், ஆங்கிலேய நாய்களுக்காக லிவர்பூல் விளக்குக் கம்பம் ஒன்றும் தளத்தில் நட்டு வைத்தார்கள். நாய் எங்கே காலைத் தூக்கும் என்பது வரை யோசித்து இடம் ஒதுக்கத் தெரிந்த தொழில் உன்னுடையது. அந்தக் கம்பம் நிற்கிற அளவு இரும்பு போதும், நான்கு சைக்கிளைச் சாத்தி வைக்கலாம். யோசிக்கத் தெரியாதவர்கள் என்று உன்னைச் செய்தவர்களை யாரும் சொல்ல முடியாது.

சைக்கிள் மீது உனக்கு அன்பில்லை என்று யாராவது சொன்னால் அதையும் நான் மறுப்பேன். உன் உடற்பயிற்சிக் கூடத்தில் கண்ணாடிச் சுவரை ஒட்டி வரிசையாகச் சைக்கிள்கள் நிற்கின்றன. எதிரே கடல் விரிந்து கிடக்கிறது. வியர்க்க வியர்க்க ஒரு மணி நேரம் மிதித்து இறங்கினால் ஏறிய இடத்திலேயே இறங்கலாம். 2016-இல் வந்த 'கார்னிவல் விஸ்டா' இன்னும் ஒரு படி மேலே போனது. உச்சித் தளத்துக்கு மேல் தண்டவாளம் கட்டி அதிலிருந்து சைக்கிள் போன்ற வண்டியைத் தொங்கவிட்டார்கள். பயணி அதில் சாய்ந்து உட்கார்ந்து பெடலை மிதித்தால் ஆகாயத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வருவான். பஞ்சர் இல்லை. நாய் துரத்தாது. யாரிடமும் வழி கேட்க வேண்டாம். வழியோரக் கடையில் நிறுத்தித் தண்ணீர் கேட்டு, அந்த ஊர்க்காரரோடு இரண்டு வார்த்தை பேச வேண்டிய கட்டாயமும் இல்லை. சைக்கிளிலிருந்து சாலையை மட்டும் பத்திரமாகப் பிரித்து எடுத்துவிட்டாய். நூறு ஆண்டுகளுக்கு மேலாக எந்தப் பொறியாளருக்கும் கைவராத சாதனை அது.

பகாமாஸில் 'காஸ்ட்அவே கே' என்ற தனித்தீவை டிஸ்னி கப்பல்கள் 1998 முதல் பயன்படுத்துகின்றன. அங்கே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். நிஜமாகவே தரையில் ஓட்டலாம். பாதையின் ஒரு பகுதி, ஒருகாலத்தில் போதைப்பொருள் கடத்துபவர்கள் விமானம் இறக்கிய பழைய ஓடுதளம். தீவில் ஊர் கிடையாது. பள்ளிக்கூடம், சந்தை, கோயில், சண்டை, கல்யாணம் எதுவும் கிடையாது. யார் வீட்டு முற்றத்திலும் எட்டிப் பார்க்க முடியாத, யாரும் நம்மைப் பார்த்துச் சிரிக்காத சாலையில் சைக்கிள் ஓட்டும் நிம்மதியை நீதான் கண்டுபிடித்துத் தந்திருக்கிறாய். ஹெய்ட்டியின் வடகரையில் லபாடி என்ற இடத்தையும் உன் உறவினர்கள் 1986-இலேயே குத்தகைக்கு எடுத்தார்கள். அங்கே வேலியும் காவலும் உண்டு. வேலிக்கு அப்பால் ஹெய்ட்டி என்ற நாடு இருந்தது. பயணி அதைப் பார்க்க நேராதபடி பாதுகாத்தாய்.

உன் நேரந்தவறாமையைப் புகழ எனக்குச் சொற்கள் போதவில்லை. காலை ஏழு எட்டு மணிக்குக் கரை சேர்கிறாய். மாலை ஐந்து மணி சுமாருக்குக் கிளம்பிவிடுகிறாய். அதற்கு அரைமணி முன்பே எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். இறங்கும் வரிசையும் ஏறும் வரிசையும் போக ஊருக்குக் கிடைப்பது ஆறேழு மணி நேரம். எந்த ஊரும் தன் முகத்தை மாலையில்தான் காட்டும். வெயில் தாழ்ந்து கடைக்காரர்கள் திண்ணைக்கு வந்து, பிள்ளைகள் தெருவில் இறங்கும் வேளை அது. சரியாக அந்த வேளையில் நீ சங்கு ஊதிப் புறப்படுகிறாய். கடலுக்குள் போன பிறகுதான் உன் சூதாட்டக் கூடமும் வரியில்லாக் கடையும் திறக்கும். பெரும்பாலான துறைமுகங்களின் சட்டம் அப்படி. இரவெல்லாம் ஓடினால்தான் மறுநாள் காலை அடுத்த ஊரைக் காட்ட முடியும். ஆகவே ஒவ்வொரு ஊரிலும் மாலையை மட்டும் விட்டுவிட்டு, மிச்சம் அத்தனையையும் பயணிக்குக் காட்டுகிறாய்.

நீயே விற்கும் கரைச் சுற்றுலாவில் போனவர்களுடைய பஸ் தாமதமானால், அவர்கள் வரும்வரை காத்திருக்கிறாய். அப்படி வாக்கும் கொடுக்கிறாய், காப்பாற்றவும் செய்கிறாய். வாக்குத் தவறாமை பெரிய குணம். சொந்த சைக்கிளில் போனவன் செயின் அறுந்து பத்து நிமிடம் பிந்தினால், படகுத்துறையில் நின்றபடி உன் முதுகைப் பார்க்கலாம். அடுத்த துறைமுகத்துக்கு அவன் தன் செலவில் வந்து சேர வேண்டும். இதில் அநியாயம் ஒன்றுமில்லை. அவன் உன்னிடம் வாங்கியது படுக்கையும் சாப்பாடும்தான். ஊரை உன்னிடமிருந்து வாங்கவில்லை. ஊரும் உன்னிடம்தான் வாங்க வேண்டிய பொருள் என்பதை இதைவிட நயமாக அவனுக்கு யாரும் உணர்த்தியிருக்க முடியாது.

இனி உன் பொதுத்தொண்டு. நகராட்சித் தேர்தலில் வாக்களிக்கச் சோம்பல்படும் மக்களை வாக்குச்சாவடிக்கு வரவழைத்ததில் உன் பங்கு பெரிது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. குடிமக்கள் 5,000 சொச்சம். பக்கத்திலேயே அக்கேடியா தேசியப் பூங்கா. ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் 1913-இல் தொடங்கி 1940 வரை, தன் பணத்தில், காட்டுக்குள் கல்பாவிய வண்டிப்பாதைகளை அமைத்தார். மோட்டார் வண்டி எதுவும் நுழையக் கூடாது என்பதுதான் அவர் நோக்கம். எண்ணெய் வியாபாரத்தில் சேர்ந்த குடும்பச் சொத்து, எண்ணெய் எரியாத பாதைகளாக மாறியது. பூங்காவுக்குள் இன்றும் 70 கிலோமீட்டருக்கு மேல் அந்தப் பாதைகள் இருக்கின்றன. கருங்கல் வளைவுப் பாலங்கள், ஏரிக்கரை, மேப்பிள் மரங்கள், குதிரை வண்டி, நடப்பவர்கள், சைக்கிள். படகுத்துறையிலிருந்து சில கிலோமீட்டர் மிதித்தால் போதும். கப்பலில் வந்தவன் சைக்கிளோடு இறங்க உலகத்தில் இதைவிடப் பொருத்தமான ஊரைச் சொல்வது கடினம்.

நீ அங்கே வந்து விரிகுடாவில் நங்கூரமிட்டாய். படகு படகாக ஆட்களை இறக்கினாய். ஊரின் முக்கியத் தெரு நிரம்பியது, நடைபாதை நிரம்பியது, கழிப்பறை வரிசை தெருமுனை வரை நீண்டது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே தெருவில் சட்டை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். அந்தப் பாதைகளுக்குப் போக நேரம் இருந்தவர்கள் சொற்பம். 2022 நவம்பரில் ஊர்க்காரர்கள் வாக்களித்தார்கள்: கப்பலிலிருந்து ஒரு நாளைக்கு 1,000 பேருக்கு மேல் இறங்கக் கூடாது. அதை எதிர்த்துச் சிலர் வழக்குப் போட்டார்கள், 2024-இல் மத்திய நீதிமன்ற நீதிபதி அந்த வரம்பைப் பெரும்பாலும் ஏற்றுத் தீர்ப்பளித்தார். கட்சி வேறு பார்க்காமல் ஓர் ஊரை ஒன்று சேர்ப்பது எளிதான காரியமா? உன் வருகை அதைச் செய்தது.

ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் இன்னொரு சைக்கிள் ஊர். தட்டையான சின்னத் தீவு. முனையிலிருந்து முனைக்கு ஆறேழு கிலோமீட்டர். 2020 நவம்பரில் அந்த மக்களும் பெரிய கப்பல்களைக் கட்டுப்படுத்த வாக்களித்து வென்றார்கள். அடுத்த ஆண்டே மாநில அரசு சட்டம் போட்டு அந்த முடிவை ரத்து செய்தது. உன் நண்பர்கள் உன்னைக் கைவிடுவதில்லை. நட்பைப் பேணத் தெரிந்தவள் நீ. அலாஸ்காவின் ஜூனோவுக்கு வெளியிலிருந்து சாலை கிடையாது. விமானம் அல்லது கப்பல். அங்கே ஓடும் ஒவ்வொரு சைக்கிளும் கடல் வழியாகவோ வான் வழியாகவோ வந்ததுதான். 32,000 பேர் வாழும் அந்த நகருக்கு 2023-இல் 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்தாய். மெண்டன்ஹால் பனிப்பாறைக்குச் சுமார் 20 கிலோமீட்டர். சைக்கிளில் போய் வரலாம். வரிசையாகப் பஸ்கள் போய் வருகின்றன. 2024 முதல் நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்கள் மட்டுமே என்று பேசி முடித்தார்கள். 2026 முதல் படுக்கைக் கணக்கிலும் வரம்பு: நாளைக்கு 16,000, சனிக்கிழமை 12,000. ஊர் ஜனத்தொகையில் பாதிதான் ஒரு நாளில் வந்து இறங்கலாம் என்பதை ஒரு கட்டுப்பாடாகக் கருதும் நிலைக்கு அந்த மக்களைப் பொறுமையில் பழக்கியிருக்கிறாய்.

இத்தாலிய அரசு 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களை 2021 ஆகஸ்ட் 1 முதல் வெனிஸின் சான் மார்க்கோ, ஜுதெக்கா கால்வாய்ப் பக்கம் வரவிடாமல் நிறுத்தியது. அந்தப் பழைய நகருக்குள் சைக்கிளுக்கும் அனுமதியில்லை. படிக்கட்டுப் பாலங்களும் ஒடுங்கிய சந்துகளும் உள்ள ஊரில் அது நியாயம்தான். ஆம்ஸ்டர்டாமின் கதை வேறு. அங்கே நகரின் நடுவில், மத்திய ரயில் நிலையத்துக்குச் சில நிமிட நடையில் உனக்கு மாளிகை போன்ற முனையம் கட்டிக்கொடுத்தார்கள். அந்த ரயில் நிலையத்தின் முன்னால் தண்ணீருக்கு அடியில் 7,000 சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தை 2023-இல் திறந்தார்கள். பின்னால் நீர்ப்பரப்பைக் கடக்கும் படகில் சைக்கிளுக்கும் ஆளுக்கும் கட்டணமே இல்லை. கடந்தால் அரைமணியில் பசும்புல், கரைமேடு, நீர்க்கோழி. சைக்கிளுக்காகத் தண்ணீருக்கடியில் இடம் தோண்டிய நகரத்தின் வாசலில் நின்றுகொண்டு, பயணிகளைப் பஸ்ஸில் ஏற்றிய உன் உறுதியை என்னவென்று சொல்வது! 2026 முதல் ஆண்டுக்கு 100 கப்பல்கள் போதும் என்றும், 2035-க்குள் முனையத்தை அங்கிருந்து அப்புறப்படுத்துவது என்றும் நகரம் முடிவெடுத்தது.

உன்னால் முடியாதென்று சொல்வதற்கில்லை. பெர்முடாவில் செய்து காட்டியிருக்கிறாய். நியூயார்க், பாஸ்டன் பக்கமிருந்து கிளம்பி அந்தத் தீவுக்குப் போகும்போது நீ இரண்டு மூன்று நாள் அங்கேயே நிற்கிறாய். உன்னைப் பற்றிச் சொல்வதற்கு என்னிடம் இருக்கும் மிக நல்ல செய்தி இதுதான்.

பெர்முடா 53 சதுர கிலோமீட்டர். தூண்டில் முள் போல வளைந்த சின்னத் தீவுக்கூட்டம். 1908-இல் அங்கே மோட்டார் கார் நுழைய முயன்றது. குளிர்காலத்தில் ஓய்வுக்கு வந்திருந்த இருவர் அதை எதிர்த்து மனு கொடுத்தவர்களில் இருந்தார்கள்: எழுத்தாளர் மார்க் ட்வெய்ன், பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதியான, அப்போது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த வுட்ரோ வில்சன். அந்த ஆண்டே தீவு காருக்குத் தடை போட்டது. 1946 வரை பொதுமக்கள் சாலையில் குதிரை வண்டியிலும் சைக்கிளிலும்தான் போனார்கள். இன்றும் ஒரு வீட்டுக்கு ஒரு கார்தான். வேகவரம்பு மணிக்கு 35 கிலோமீட்டர். நம்மைப்போல் இடப்பக்கம் போகும் சாலை. 1931-இல் ஒரு ரயில் பாதை போட்டார்கள். 1948-இல் மூடி, பெட்டிகளைப் பிரிட்டிஷ் கயானாவுக்கு விற்றார்கள். தண்டவாளம் போன பிறகு மிஞ்சிய பாதை சுமார் 29 கிலோமீட்டர் நீளத்துக்குத் தீவின் மேற்கு முனையிலிருந்து கிழக்கே செயின்ட் ஜார்ஜ் வரை தொடர்கிறது. ஹாமில்டன் நகரைச் சுற்றி மட்டும் அறுந்திருக்கிறது. பெரும்பகுதியில் மோட்டார் வண்டி வராது. ஒருபுறம் வெட்டிய சுண்ணாம்புப் பாறைச் சுவர், மறுபுறம் சரேலென்று கடல். பாய்மரக் கம்பம் நுழையும் அளவுக்கு ஒரே ஒரு பலகையைத் தூக்கித் திறக்கும் சாமர்செட் பாலம் வழியில் வரும். 1846-இன் கிப்ஸ் ஹில் கலங்கரை விளக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி, வார்ப்பிரும்பில் செய்தது. பெரிய சாலை குறுகல், ஸ்கூட்டர்கள் உரசிக்கொண்டு போகும். அதனால்தான் இந்தப் பாதையின் அருமை தெரியும்.

கப்பல் வந்து நிற்கும் டாக்யார்டிலிருந்து, சிறிது தூரம் சாலையில் போய் அந்தப் பாதையைப் பிடித்துவிடலாம். மாலையில் கடற்கரை, இருட்டுவதற்குள் கப்பல், மறுநாள் விட்ட இடத்திலிருந்து மறுபடி. சங்குக்குப் பயந்து கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். கட்டிலுக்கு அடியில் கிடந்த சைக்கிளுக்கு இங்கேதான் உயிர் வருகிறது. 1930-களில் இதே தீவுக்கு நியூயார்க்கிலிருந்து வந்த 'மொனார்க் ஆஃப் பெர்முடா', 'குவீன் ஆஃப் பெர்முடா' கப்பல்கள் ஒவ்வொன்றும் 22,500 டன் அளவுதான். அவை தலைநகர் ஹாமில்டனின் தெருவை ஒட்டியே நின்றன. இன்று உனக்கு அந்தத் துறைமுகத்தின் வாசல் போதாது. தீவின் மேற்கு முனையில் ஒதுங்கி நிற்கிறாய். பல மடங்கு வளர்ந்து, ஊருக்கு 24 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கிறாய்.

இன்னொரு உறவுக்காரி உனக்கு இருக்கிறாள். டான்யூப் ஆற்றில் போகும் சிறு கப்பல். அவளுக்குப் பனிச்சறுக்கு அரங்கம் கிடையாது, நீர்ச்சறுக்கு கிடையாது, பயணிகள் 150, 180 பேர். பாலத்துக்கு அடியில் போகும்போது மேல்தள நாற்காலிகளையும் கைப்பிடிக் கம்பிகளையும் மடக்கிப் படுக்கவைக்க வேண்டிய ஏழ்மை. ஆனால் அவளிடம் சைக்கிள்கள் இருக்கின்றன. இத்தகைய கப்பல்கள் பலவற்றில் அவை பயணிகளுக்கு இலவசம். ஆஸ்திரியாவில் மெல்க் மடாலயத்தின் கீழே காலையில் இறங்கி, கிரெம்ஸ் நகரில் அதே கப்பலில் ஏறிக்கொள்ளலாம். இடையில் வாகாவ் பள்ளத்தாக்கு, 35 கிலோமீட்டர் அளவு, ஆற்றை ஒட்டிய பாதை. திராட்சைக் கொடிகள், ஆப்ரிகாட் தோப்புகள், சிங்க மனத்தான் ரிச்சர்டு மன்னனை 1192-இன் குளிர்காலத்தில் சிறைவைத்த டியூர்ன்ஸ்டைன் கோட்டை. பாசாவில் தொடங்கி வியன்னா வரை 300 கிலோமீட்டருக்கு மேல் இப்படிப் போகும் அந்தப் பாதையில் கப்பலும் சைக்கிளும் கூடவே போகின்றன. சைக்கிளில் வருபவன் வந்துசேரும் ஊரில் கப்பல் அவனுக்காக நிற்கிறது. 180 பேரைச் சுமப்பவளுக்கு இதற்கு இடம் இருக்கிறது. 7,600 பேரைச் சுமக்கிற உனக்கு இடம் போதவில்லை என்றால், அது உன் பெருமையின் பாரம்.

கப்பலே, உன்னை நான் வெறுக்கவில்லை. நடக்க முடியாதவர்கள், வயதானவர்கள், ஒரு முறையாவது கடலைப் பார்த்துவிட்டுச் சாக வேண்டும் என்று காசு சேர்த்தவர்கள் உன்மேல் ஏறுகிறார்கள். அவர்களை நீ நன்றாகத்தான் வைத்துக்கொள்கிறாய். கேட்பது கொஞ்சம். இறங்கும் வாசலுக்குப் பக்கத்தில் ஐம்பது சைக்கிள் நிற்க ஓர் இரும்புச் சட்டம் போடு. ஏழு குளத்தில் ஒன்று ஆறடி குறைந்தால் யாரும் அழமாட்டார்கள். பயணத்தில் ஓர் ஊரிலாவது இரவு தங்கு. உன்னிடம் டிக்கெட் வாங்காமல் சொந்தக் காலில் போனவனுக்கும் கால்மணி நேரம் பொறுத்திரு. ஊர் தாங்கும் அளவுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வா. வாக்கெடுப்பு நடத்தித்தான் அதை உனக்குச் சொல்ல வேண்டும் என்ற நிலைக்கு ஊர்களைத் தள்ளாதே.

இந்தப் பேச்சு நம் கரைக்கும் வந்துவிட்டது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்ப்ரஸ்' கப்பல் காங்கேசன்துறைக்குப் போனது. காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் 20 கிலோமீட்டருக்குள். தட்டையான நிலம், சிவந்த மண், பனை. கீரிமலை கூப்பிடு தூரம். போர்க்காலத்தில் பெட்ரோல் தடைசெய்யப்பட்டபோது நோயாளியையும் விறகையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் சைக்கிளில் சுமந்த மக்கள் அங்கே வாழ்கிறார்கள். அந்த மண்ணைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்புவது, போனோம் என்று சொல்லிக்கொள்வதற்கு மட்டுமே உதவும்.

ஆகவே வாசகர்களே, எந்தக் கடலில் எந்தக் கப்பலுக்குப் பணம் கட்டுவதானாலும், கட்டுவதற்கு முன்னால் அந்த நிறுவனத்துக்கு இரண்டு கேள்விகளை எழுதி அனுப்புங்கள். மின்கலம் இல்லாத மடக்கு சைக்கிளைக் கொண்டுவரலாமா? ஒவ்வொரு துறைமுகத்திலும் கரையில் எத்தனை மணி நேரம்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் பணம் கட்டாதீர்கள். நூறு பேர் அப்படிக் கேட்டால், அடுத்த கப்பலை வரைபவர் அந்த இரும்புச் சட்டத்துக்கு இடம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.